குழந்தைக்குக் கையால் பின்னிய சட்டை செய்விப்பது எப்படி: திருகோணமலையில் அளவு, நூல், கூலி

இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு சாதாரண முழுக்கைச் சுவெற்றர் பின்ன ஏறத்தாழ 17,700 கண்ணி, அதாவது ஊசியில் விழும் நூல் வளையம், போட வேண்டும். கை பழகிய ஒருவர் நிமிடத்துக்கு 20 கண்ணி போடுவார் என்று வைத்தாலும், ஊசி ஓடும் நேரம் மட்டுமே 14 மணித்தியாலமும் 45 நிமிடமும். "சின்னப்பிள்ளைச் சட்டைதானே அக்கா, எவ்வளவு எடுப்பீங்க?" என்று வாசலில் நின்று கேட்கும்போது இந்தக் கணக்கு இரண்டு பேர் மனதிலும் இருப்பதில்லை. கேட்டவர் கடையில் தொங்கும் இயந்திரச் சுவெற்றரின் விலையை நினைக்கிறார். பின்னுபவர் வந்த வேலை போய்விடுமோ என்று பயந்து குறைத்துச் சொல்கிறார். மூன்று கிழமை கழித்துச் சட்டை கழுத்தில் இறுகுகிறது, காசிலும் மனக்கசப்பு வருகிறது. இந்த இரண்டையும் முதல் கண்ணி போடும் முன்பே தவிர்க்கலாம். அதற்கான வழி இது.

முதலில்: பிள்ளை எங்கே உடுத்தப் போகிறது?

திருமலை வெயிலுக்குக் கம்பளிச் சுவெற்றர் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கைக்குழந்தைக்கு அதைப் போட்டால் வேர்க்குருதான் மிஞ்சும். உப்புவெளியிலோ கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ வளரும் பிள்ளைக்கென்றால் பருத்தி நூலில் கையில்லாச் சட்டை, மெல்லிய தொப்பி, மார்கழி மழைக்கு ஒரு முன்திறப்புச் சட்டை போதும். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் பரிசு கொடுக்க நினைப்பவர்களுக்கும் பருத்திப் போர்வையோ காலுறையோ நல்ல தெரிவு. கைக்குழந்தை வீட்டுக்குள் உறங்கும்போது தொப்பி வேண்டாம். தலைவழியாகத்தான் அதன் உடற்சூடு அதிகம் வெளியேறும். அதை மூடி வைத்தால் உடல் அளவுக்கு மீறிச் சூடாகும்.

பிள்ளை ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ இருந்தால் கதை வேறு. அங்கே கம்பளி உதவும். ஆனால் வேலைக்குப் போகும் தாய் அதைக் கையால் அலசிக்கொண்டிருக்க மாட்டார். ஆகவே இயந்திரத்தில் கழுவலாம் என்று உருண்டையில் சுற்றியிருக்கும் சிட்டையில் எழுதிய கம்பளி, அல்லது நல்ல அக்ரிலிக். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு நாலு நாள் போய்வர மட்டும் என்றால் அக்ரிலிக் போதும். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகித் தொய்ந்துவிடும். இந்த இரண்டு குறையையும் வாங்கும் முன்பே தெரிந்திருங்கள். மொகேர் போன்ற மயிர் உதிரும் நூலைக் கைக்குழந்தைக்குக் கேட்கவே வேண்டாம். மூக்குக்கும் வாய்க்கும் போகும்.

அளவு எடுப்பது

வயதைச் சொல்லிச் சட்டை பின்னச் சொல்வதுதான் பிழைகளுக்குத் தாய். பிள்ளையின் மார்புச் சுற்றளவைச் சொல்லுங்கள். அக்குளுக்குக் கீழே அளவு ரேப்பைச் சுற்றி, இறுக்காமல், ஒரு விரல் நுழையும்படி எடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவான அளவுகள்: 6 மாதம் 43 செ.மீ., 1 வயது 46, 2 வயது 53, 4 வயது 58, 6 வயது 63, 8 வயது 67. உங்கள் பிள்ளை இதில் மூன்று நாலு செ.மீ. கூடவோ குறையவோ இருந்தால் அது இயல்புதான், பிள்ளையின் அளவையே கொடுங்கள்.

இதோடு வேண்டியவை: பின்கழுத்து எலும்பிலிருந்து சட்டை முடிய வேண்டிய இடம் வரை நீளம், பின்கழுத்து நடுவிலிருந்து தோள் வழியாக மணிக்கட்டு வரை நீளம், மேற்கையின் சுற்று, தலைச் சுற்று. தலைச் சுற்றைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சின்னப்பிள்ளைகளுக்கு உடம்போடு பார்க்கத் தலை பெரிது. இரண்டு வயதில் மார்பு 53 செ.மீ. என்றால் தலை 48, 49 இருக்கும். கழுத்து விளிம்பை இறுக்கி முடித்தால் அது தலைக்குள்ளால் இறங்காது, பிள்ளை அழும், பிறகு அந்தச் சட்டையைக் கண்டாலே ஓடும். மூன்று வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தோளில் தெறி வைத்ததோ முன்னால் முழுக்கத் திறப்பதோ கேளுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைக்கு அளவு எடுக்க இலகுவான வழி: இப்போது சரியாக இருக்கும் ஒரு ரீசேர்ட்டைத் தரையில் விரித்து, அக்குள் முதல் அக்குள் வரை ரேப் வைத்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த அளவின் இரட்டிப்புத்தான் சட்டைச் சுற்றளவு.

அடுத்தது தளர்வு. உடம்பளவுக்கே பின்னினால் இறுகும். மெல்லிய சட்டைக்கு 5 செ.மீ., வேறு உடுப்புக்கு மேலே போடுவதற்கு 7 அல்லது 8. வளரும் என்று 15 செ.மீ. கூட்டிக் கேட்பவர்கள் உண்டு. தோள் கீழே சரிந்து, கை விரலை மூடி, அந்தப் பிள்ளை ஒருநாளும் அதை வடிவாக உடுத்தாது. நீளத்தில் கூட்டலாம், அகலத்தில் வேண்டாம். பிள்ளை உடுத்தப் போகும் மாதத்தையும் சொல்லுங்கள். ஆடியில் பிறந்த குழந்தைக்கு மார்கழிக் குளிருக்கு அனுப்புவதென்றால், பிறந்த குழந்தை அளவில் பின்னிப் பயனில்லை.

பின்னுபவரைத் தேடுவது

மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர்மாரிடம் கேளுங்கள். அவர்களிடம் படித்தவர்களில் யார் இன்னும் ஊசி பிடிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும், பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் வீட்டிலிருந்து கைவேலை செய்பவர்களை அறிவார்கள். ஊசி இரண்டு கொண்டு பின்னுபவரும், கொக்கி ஒன்றால் குரோசே போடுபவரும் வேறு வேறு. குரோசே வேகமாக வளரும், ஆனால் நூலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடத் தின்னும், துணியும் சற்று விறைப்பாக வரும். தொப்பி, போர்வை, காலுறைக்கு அது நல்லது. சுவெற்றருக்கு ஊசிப் பின்னல்தான் உடம்பில் படியும்.

அவர் முன்பு செய்த ஒன்றைப் பார்க்கக் கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. உட்புறம் திருப்புங்கள். நூல் முனைகள் உள்ளே ஊசியால் ஓட்டி மறைக்கப்பட்டுள்ளனவா, முடிச்சுப் போட்டு வெட்டப்பட்டுள்ளனவா? முடிச்சு அவிழும், பிள்ளையின் தோலையும் உறுத்தும். இரண்டு கைகளிலும் வரிசைகளை எண்ணினால் ஒரே தொகை வர வேண்டும். கழுத்து விளிம்பை இழுத்துப் பாருங்கள், திரும்பிச் சுருங்க வேண்டும்.

நூலும் மாதிரித் துண்டும்

குழந்தை உடுப்புக்குப் பொதுவாக நடுத்தர மெல்லிய நூல் பொருந்தும். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணியும் 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசையும் வரும் நூல் அது. சிட்டையில் ஊசிப் படத்துக்குப் பக்கத்தில் இந்த எண்கள் இருக்கும். பிள்ளையின் வயது 1 என்றால் சுமார் 300 மீற்றர், 2 என்றால் 400, 4 என்றால் 500, 8 என்றால் 750 மீற்றர் என்று முதலில் மனதில் வையுங்கள். கிராமில் அல்ல மீற்றரில் கணக்குப் பாருங்கள். பருத்தி கனமானது, 50 கிராம் பருத்தி உருண்டையில் 110 மீற்றர் அளவுதான் இருக்கும். அதே எடை அக்ரிலிக்கில் நீளம் கூட.

ஊசி ஏறும் முன் இரண்டு சோதனை. நூல் துண்டை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்துங்கள், சாயம் இறங்கினால் வேண்டாம். பிள்ளைகள் சட்டை நுனியைச் சப்புவார்கள். பிறகு சாயத்தொகுதி எண், அதாவது ஒரே தடவையில் சாயமிட்ட உருண்டைகளுக்குச் சிட்டையில் போடும் எண். ஒரே நிறம்போல் தெரியும் இரண்டு உருண்டைகள் வேறு தொகுதி என்றால், பின்னியபின் வெயிலில் ஒரு கை வேறு நிறமாகத் தெரியும். நகரக் கடைகளில் ஒரு நிறத்தில் ஐந்தாறு உருண்டைதான் இருக்கும். ஆகவே தேவையானதையும் மேலதிகமாக ஒன்றையும் ஒரே நாளில் வாங்கி, பிரிக்காததைத் திரும்ப எடுப்பார்களா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புறக்கோட்டைக்குப் போகும் உறவினரிடம் சொல்லி விடுவதென்றால் சிட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

இனி எவரும் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் கட்டம். பின்னுபவர் 15 செ.மீ. சதுரத்தில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, கழுவி, விரித்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்குள் கண்ணிகளை எண்ண வேண்டும். விளிம்பில் எண்ணக் கூடாது, அங்கே கண்ணி சுருளும். ஏன் இவ்வளவு கண்டிப்பு? 53 செ.மீ. மார்புக்கு 5 செ.மீ. தளர்வு சேர்த்து 58. பத்து செ.மீ.க்கு 22 கண்ணி என்றால் 128 கண்ணி போட வேண்டும். அவர் கை தளர்வாகி 20 கண்ணியே வந்தால் அதே 128 கண்ணி 64 செ.மீ. ஆகும், சட்டை தொங்கும். கை இறுகி 24 வந்தால் 53 செ.மீ., மூச்சுவிட இடமில்லை. இரண்டு கண்ணி வித்தியாசம் சட்டையைப் பாழாக்கும். கை இறுகினால் கண்ணியை மாற்ற முன் ஊசியை அரை மி.மீ. பெருப்பிக்கச் சொல்லலாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னொன்றும் நடக்கும். வியர்த்த கையில் அக்ரிலிக் நூல் உலோக ஊசியோடு ஒட்டி நழுவாது, கண்ணி இறுகும். மூங்கில் ஊசி, பக்கத்தில் ஒரு துவாய், இளநிற நூலென்றால் கை கழுவிவிட்டுத் தொடங்குவது என்று பழகியவர்களிடம் கண்ணி சீராக இருக்கும்.

மாதிரித் துண்டு நூல் கணக்கையும் தரும். சமையல் தராசில் நிறுங்கள். 15 செ.மீ. சதுரம் 225 சதுர செ.மீ. நம் இரண்டு வயதுச் சுவெற்றரின் உடல் 58க்கு 32, கை இரண்டும் ஒவ்வொன்றும் சராசரி 22க்கு 23, மொத்தம் சுமார் 2,870 சதுர செ.மீ. துண்டு 12 கிராம் என்றால் 12ஐ 12.75ஆல் பெருக்க 153 கிராம். விளிம்பு, தையல், முனைகளுக்கு நூற்றுக்கு 15 கூட்டினால் 176. ஆக 50 கிராம் உருண்டை நாலு, கையிருப்புக்கு ஒன்று. மிஞ்சும் நூல் காசு கொடுத்தவருடையது, ஆனால் அதைப் பின்னுபவரிடமே விட்டு வைப்பது பின்னால் திருத்த உதவும்.

கூலி

சதுர செ.மீ. ஒன்றுக்கு 6.16 கண்ணி, 2,870 சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 17,700. அதுதான் தொடக்கத்தில் சொன்ன எண். ஊசி நேரம் 14¾ மணித்தியாலம். அதோடு மாதிரித் துண்டும் கணக்கும் 2 மணித்தியாலம், தைத்து இணைப்பது, கழுத்து விளிம்பு, தெறி, முனை மறைப்பது 4, கழுவி வடிவமைப்பது 1. ஏறத்தாழ 22 மணித்தியாலம்.

இலங்கையின் குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. எட்டால் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150. வேலைக்குப் போகிறவருக்கு இதன்மேல் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். வீட்டிலிருந்து பின்னுபவருக்கு அதைக் கட்ட எவரும் இல்லை. அதைச் சேர்த்தாலே 172 ரூபா 50 சதம். இது கைத்தொழில் எதுவும் தெரியாதவருக்கும் சட்டம் வைத்த அடித்தளம். பல வருடம் பழகிய கைக்கு இது கூலி ஆகாது. எங்கள் கருத்து, மணித்தியாலத்துக்கு 300 ரூபாவுக்குக் கீழே பேச வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வரும் மேசனுக்கு ஒரு நாளைக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதை எட்டால் பிரித்துப் பாருங்கள், 300 அதிகமாகத் தெரியாது.

22 மணித்தியாலம், 300 ரூபா: கூலி 6,600. நூலுக்கு 3,600, தெறிக்கு 300, முச்சக்கரவண்டிக்கு 400 ஆனது என்று வைத்தால் மொத்தம் 10,900 ரூபா. இந்தத் தொகை உங்களிடம் இல்லையென்றால் மணித்தியாலக் கூலியைத் தொடாதீர்கள், வேலையைச் சிறிதாக்குங்கள். கையில்லாச் சட்டையாக்கினால் கண்ணிகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். தொப்பி மட்டும் கேட்கலாம். எளிமையான நேர்ப்பின்னலாகக் கேட்கலாம்.

மெல்லிய நூல் மலிவு என்று ஏமாற வேண்டாம். பத்து செ.மீ.க்கு 28 கண்ணி, 36 வரிசை வரும் நூலென்றால் அதே சட்டைக்கு ஏறத்தாழ 29,000 கண்ணி. நூலில் மிச்சம் பிடித்த காசுக்கு மேலே ஒன்பது மணித்தியாலத்துக்கும் அதிகமாகக் கூலி கூடும். முறுக்குப் பின்னல், இரண்டு நிறம் கலந்த கோலம், பெயர் எழுத்து எல்லாம் வேகத்தைக் குறைப்பவை. இவற்றுக்கு மொத்தத் தொகை ஊகிக்காமல் அந்தக் கோலம் ஒருமுறை வரும் அளவுக்குப் பின்னச் சொல்லி நேரம் பாருங்கள்.

பேசி எழுதுவது

மணித்தியாலத்தை வைத்துக் கணக்கிட்டு, ஒரு முழுத் தொகையாக உடன்படுவது இருவருக்கும் நிம்மதி. நூல் காசு முழுவதும் முன்னாலேயே, கூலியில் பாதி தொடங்கும்போது, மிச்சம் சட்டையைக் கையில் வாங்கும்போது. அவர் கைக்காசில் நூல் வாங்க வைப்பது உங்கள் சட்டைக்கு அவர் கடன் கொடுப்பது போன்றது. வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்:

"அக்கா, மகளுக்கு முன்திறப்புச் சுவெற்றர். மார்பு 53, சட்டைச் சுற்று 58, நீளம் 32, கழுத்து நடுவிலிருந்து மணிக்கட்டு 38. பச்சைப் பருத்தி நூல், அஞ்சு தெறி. கூலி 6,600, நூலும் தெறியும் நான் வாங்கித் தாறன். இண்டைக்கு 3,300 அனுப்பினனான். தை 10க்கு முதல் வேணும். உடம்பு அக்குள் வரை வந்ததும் ரேப் வைச்சு ஒரு படம் அனுப்புங்கோ. நான் இடையில ஏதும் மாத்தச் சொன்னா பிரிச்சுப் பின்னுற நேரத்துக்கும் தருவன்."

கடைசி வரி முக்கியம். உங்கள் மனமாற்றத்தால் பிரித்தால் அந்த மணித்தியாலங்கள் உங்கள் கணக்கு. அவர் எண்ணிக்கை பிழைத்துப் பிரித்தால் அவர் கணக்கு.

நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் 22 மணித்தியாலம் 11 மாலைகள். ஆனால் சமையல், பிள்ளைகளின் பாடம், நோன்புக் காலம், கோவில் திருவிழா எல்லாம் நடுவே வரும். மூன்று முதல் நாலு கிழமை கொடுங்கள். ஒரு கிழமையில் வேண்டும் என்றால் அவர் இரவு விழித்திருக்க வேண்டும், விரல் வலிக்கும், கண்ணியும் இறுகும். அவசரத்துக்குக் கூலியைக் கூட்டிக் கேட்டால் அது நியாயம்.

இடையிலும் முடிவிலும் பார்ப்பது

அக்குள் வரை வந்ததும் வரும் படத்தில் அகலம் 29 செ.மீ. (விரித்த பாதி) இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு செ.மீ. கூடக் குறைய இருந்தால் விடலாம். மூன்று என்றால் இப்போதே சொல்லுங்கள். கையும் கழுத்தும் முடிந்தபின் சொல்வது இருவர் உழைப்பையும் வீணாக்கும்.

வாங்கும்போது தெறிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுங்கள். பின்னல் நூலால் தைத்த தெறி தேய்ந்து விழும், பிள்ளை வாயில் போடும். தையல் நூலால், பின்னால் சிறு துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு எதற்கும் வேண்டாம். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கழுத்து, தலைப் பகுதியில் கட்டுக்கயிறுகளை ஐரோப்பியத் தரநிலை தடுத்திருக்கிறது, அங்கே அனுப்புவதென்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். காலுறையின் உள்ளே விரலை விட்டுத் துழாவுங்கள். தொங்கும் நூலிழை குழந்தையின் கால்விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்தக்கூடியது. பார்த்து முடித்ததும் மிச்சக் காசை அதே இடத்தில் கொடுங்கள். "பிள்ளைக்குப் போட்டுப் பார்த்திட்டு அனுப்புறன்" என்பது பல பேரிடம் ஒரு மாதம் ஆகிவிடும்.

கழுவுவதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கம்பளியை வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பொம்மைச் சட்டை அளவுக்குச் சுருங்கும், அதைத் திருத்த முடியாது. பருத்தியைக் கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் முழங்கால் வரை நீளும். இரண்டையும் துவாயில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, நிழலில் பாயில் விரித்துக் காயவையுங்கள். ஐப்பசி முதல் தை வரை மழைக்காலத்தில் ஈரம் முழுக்கப் போகாமல் மடித்து அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மின்விசிறிக்குக் கீழே இன்னொரு நாள் கிடக்கட்டும்.

அடுத்த வருடம் கை குட்டையாகும். கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னியிருந்தால் மணிக்கட்டு விளிம்பைப் பிரித்து, மிச்ச உருண்டையால் 5 செ.மீ. நீட்டலாம். கைக்கு 40 கண்ணி, 14 வரிசை, இரண்டு கைக்கும் 1,120 கண்ணி, பின்னவே ஒரு மணித்தியாலம் போகும். பிரித்து எடுத்து முடிக்க இன்னொன்று. நூல் கையில் இருப்பதால் 600 ரூபா. இந்த வாய்ப்பு வேண்டும் என்றால் கையை மேலிருந்து கீழாகப் பின்னச் சொல்லி முதல் நாளே கேட்டு வையுங்கள்.